நம்ம மூக்கு

கொடுப்பவர்களில் இரண்டு வகை உண்டு. கொடுத்துவிட்டுப் போய்விடுபவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அவர்கள்தான் போய்விட்டார்களே. கொடுத்த பொருளோடு கூடவே வருகிறவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்கு ‘நம்ம’க்காரர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கையில் கொடுக்கும்போது ‘உனக்குத்தான்’ என்பார்கள். நீங்கள் வாங்கிய மறுநிமிடம் அது ‘நம்ம’ ஆகிவிடும். உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். அவர் சைக்கிள் வாங்கித் தந்திருப்பார், அல்லது வேலைக்குச் சொல்லிவிட்டிருப்பார். இங்கே நாம் பார்க்கப்போகிறவர் மூக்கு வாங்கித் தந்தவர்.

டைல்ஸ் கடை வைத்திருக்கிற மாமா. அவருடைய அக்கா மகள் பஸ்ஸில் போனபோது டிரைவர் போட்ட பிரேக்கில் முன்சீட்டுக் கம்பியில் மோதி, மூக்கெலும்பு நொறுங்கி, மூக்கு ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. உள்ளே மூச்சு போகிற வழியைச் சரிசெய்ய வேண்டும், வெளியே மூக்கை நிமிர்த்த வேண்டும் என்றார் சர்ஜன். இன்சூரன்ஸ் கம்பெனி நிதானமாக யோசித்தது. மூச்சு விடுவது அவசியம், அதற்குத் தருகிறோம். மூக்காகத் தெரிவது அழகு, அதற்குத் தர மாட்டோம் என்றது. அக்கா அழுதாள். அத்தான் சுவரைப் பார்த்தார். மாமா கல்லாவைத் திறந்தார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு வார்த்தை பேசாமல் திறந்தார். ஆபரேஷன் நடந்த நாள் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கைக்குட்டை நனைய அழுதார். நல்ல மனுஷன். சிக்கலே அதுதான்.

கட்டுப் பிரித்ததும் கண்ணாடியை முதலில் வாங்கியவர் அவர். “நம்ம மூக்கு ஜம்முனு வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து வெளிப்பக்கம் மாமாவுடையது, உள்பக்கம் இன்சூரன்ஸுடையது, சளி மட்டும் அவளுடையது. அதையும் இஷ்டத்துக்குச் சிந்திவிட முடியுமா? “பாத்துச் சிந்தும்மா, நம்ம மூக்கு” என்று அடுத்த அறையிலிருந்து குரல் வரும். கல்யாண வீட்டில் யாராவது அவளை நலம் விசாரித்தால், மாமா எங்கிருந்தோ வந்து, அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, “இப்ப பாருங்க” என்பார். அவர் போனில் பழைய குளியலறை, புதிய குளியலறை, பழைய சமையலறை, புதிய சமையலறை என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் படங்கள் வரிசையாக இருக்கும். அதே வரிசையில் பழைய மூக்கு, புதிய மூக்கு. ஒருமுறை வீடு கட்டுகிற ஒருவர் அந்தப் படங்களை விரலால் தள்ளிக்கொண்டே வந்து மூக்கில் நின்று, “இதுக்கு சதுர அடி என்ன ரேட்டு?” என்று கேட்டார். மாமா அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அவள் சிவில் இன்ஜினியர். ஆற்றின் மேல் பாலம் கட்டுகிற இடத்தில் வேலை கிடைத்தது. படித்த நாளிலிருந்து ஆசைப்பட்ட வேலை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தார்.

“அங்க ஒரே சிமெண்டுத் தூசி. ஆத்துக் காத்து வேற. நம்ம மூக்குக்கு ஒத்துக்காது.”

“மாஸ்க் போட்டுக்கிறேன் மாமா.”

“போட்டா நம்ம மூக்கு தெரியாதே.”

அக்கா தன் மகளைப் பார்த்தாள். அத்தான் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மூக்குக்குப் பணம் கட்டியவர் முன்னால் அவர்களுக்கு வாய் ஏது? அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் அழுதால் மூக்கு சிவக்கும், அதற்கும் அவர் ஏதாவது சொல்வார். சட்டென்று அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

“மாமா, போன வாரம் சர்ஜன்கிட்ட போயிருந்தேன். நம்ம மூக்கு ஒரு நூல் சாஞ்சிருக்காம்.”

தன் கடை ஆட்கள் ஒரு நூல் கோணலாக டைல்ஸ் ஒட்டினால், மொத்தத்தையும் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொல்கிறவர் மாமா. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணும் அவசரமில்லையாம். ஆனா வேணும்னா இன்னொரு ஆபரேஷன்ல நேராக்கிடலாமாம். அதுவும் அழகுக்குத்தான், இன்சூரன்ஸ்ல வராது.” அவள் குரல் பணிவாகவே இருந்தது. “நம்ம மூக்குக்கு எப்ப பண்ணலாம் மாமா?”

மாமா தண்ணீர் கேட்டார். குடித்தார். யாரோ ஒருவர் மூக்கை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.

“ஒரு நூல் எல்லாம் ஒரு சாய்வாம்மா? உன் மூக்கு நல்லாத்தானே இருக்கு.”

“யார் மூக்கு மாமா?”

“உன் மூக்குதாம்மா. நீதான் முடிவு பண்ணணும்.”

அத்தான் சுவரை விட்டுத் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அந்த மூக்கை ஒருமையில் யாரும் சொன்னதில்லை.

“அப்ப அதை நான் எங்க வேணும்னாலும் கொண்டுபோலாமா?”

“உன் மூக்கு, உன் இஷ்டம்” என்றார் மாமா. சொல்லி முடிப்பதற்குள் செருப்பைத் தேடினார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அவள் போனில் சம்மதம் சொல்லிவிட்டாள். பிறகு துண்டை எடுத்து, வீடே கேட்கும்படி ஒரு தடவை மூக்கைச் சிந்தினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமாவுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஒரு வாரம் கடையில் யாருக்கும் படம் காட்டவில்லை. ஆனால் அவள் ஊருக்குக் கிளம்பியபோது பஸ் நிலையத்துக்கு முதலில் வந்து, டிரைவரிடம் பிரேக்கைப் பார்த்துப் போடும்படி சொல்லிவிட்டு நின்றவரும் அவர்தான். அவள் அனுப்பிய படங்கள் இரண்டு இப்போது அவர் போனில், மூக்குகளுக்கு அடுத்து இருக்கின்றன. கேட்காதவர்களுக்கும் காட்டுகிறார்.

“இது முன்னாடி, வெறும் ஆறு. இது இப்ப. நம்ம பாலம்.”

சிரிக்கிறீர்களா? போன வருஷம் தங்கை மகனுக்குப் பரீட்சைப் பணம் கட்டினீர்களே, அவன் பாஸானதும் ‘நாம பாஸாயிட்டோம்’ என்று நாலு பேரிடம் சொன்னது யார்? பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் பெயரைச் சொன்னதற்காகவே, குணமான அவர் முழங்காலை மாடிப்படியில் ஏற்றி இறக்கிக் காட்டச் சொன்னது யார்? நீங்கள் அந்த ரகம் இல்லையென்றால், மூக்கைத் தொட்டுச் சொல்லுங்கள். உங்கள் சொந்த மூக்கை.