தயக்கத்தை ரிப்பேர் செய்த விவரம்

மட்டாஞ்சேரி,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய நல்லசிவம் மாமா அவர்களுக்கு, மருமகன் இசக்கிராஜா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இருமலும் சௌக்கியம். அங்கே நீங்களும், அத்தையும், அத்தையின் முட்டுவலியும் ஓர் அளவோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ‘ம்’ போடுவேன். அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். படித்து முடித்ததும் திருப்பூணித்துறை செல்லப்பா அண்ணாச்சியைக் கூப்பிட்டு, அவர் மகள் ஸாதனாவை எனக்குப் பார்க்கும் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்பதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும். பெண்ணைப் பிடிக்காமல் இல்லை. கஷ்டமே அதுதான்.

அந்தப் பெண் போட்ட நிபந்தனை உங்களுக்குத் தெரியும். பையன் வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டுத் தன்னைப் பார்ப்பதற்கு முன்னால், மட்டாஞ்சேரி கலைக்கூடத்தில் மாட்டியிருக்கும் தான் வரைந்த படங்களைத் தனியாகப் போய்ப் பார்க்கட்டும், அங்கிருக்கும் நோட்டில் மனசில் பட்டதை எழுதட்டும், அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த ஞாயிறு வரலாமா என்று சொல்வேன் என்றாள். “சூப்பர்னு ரெண்டு வரி எழுதிட்டு வாடே, இதுல என்ன இருக்கு?” என்றீர்கள். நேற்று அரை நாள் வேலை முடிந்து டூல் பையோடு அப்படியே போனேன். என்ன இருக்கு என்று இப்போது சொல்கிறேன்.

அது பழைய சரக்குக் கிடங்கு, இன்னும் சுக்கு வாசனை போகவில்லை. கீழே சிற்பங்கள், மாடியில் படங்கள். சிற்பம் என்றால் சாமி, யானை, தலைவர் என்று ஏதோ ஒன்றை எதிர்பார்த்துப் போனேன் மாமா. ஒரு மூலையில் சாக்குக் குவியல், அதற்குப் பெயர் ‘அம்மா’. இன்னொரு மூலையில் கால் உடைந்த நாற்காலி. அதைச் சுற்றி வந்து, கொஞ்சம் குனிந்து, மரியாதையாகப் பார்த்தேன். வழிகாட்ட நின்ற ஜஸ்னா என்ற பெண், “சேட்டா, அது என்ட கசேர. நான் இருக்கான் போட்டது” என்றாள். அவள் உட்காரப் போட்ட நாற்காலியாம். தீயணைக்கும் சிலிண்டரையும் பார்த்தேன், தேதி முடிந்திருந்தது. அதுவும் கலையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

நடு ஹாலில்தான் வினை. ஒரு லிஃப்ட் கதவு. லிஃப்ட் இல்லை, கதவு மட்டும், பின்னால் செங்கல் சுவர். முக்கால்வாசி மூடுகிறது, நின்று யோசிக்கிறது, திரும்பத் திறக்கிறது, மறுபடி மூடப் பார்க்கிறது. ஆறு வருஷமாக லிஃப்ட் சர்வீஸ் செய்கிறவன் இதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பான்? முட்டி போட்டுக் கீழ்த்தடத்தில் டார்ச் அடித்தால், உள்ளே ஒரு வாஷர் சிக்கியிருக்கிறது. ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, ஜன்னல் வழியாகக் காயலில் எறிந்தேன். நிமிர்ந்தால் என்னைச் சுற்றி பதினைந்து பேர் வீடியோ எடுக்கிறார்கள். ஜஸ்னா ஓடி வந்து, “சேட்டன் பெர்ஃபார்மன்ஸ் ஆளா? லிஸ்ட்ல பேரு இல்லையே?” என்றாள். கதவு வழவழவென்று போய் முழுசாக மூடியது. கைதட்டினார்கள். அப்போதுதான் சுவரில் இருந்த அட்டையைப் படித்தேன். சிற்பத்தின் பெயர் ‘தயக்கம்’.

செய்தவர் ஹரிநாராயணன், தாடிக்காரர், நல்ல தமிழ் பேசினார். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை, கதவைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, “அந்த வாஷரைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு தம்பி” என்றார். பழுதைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார். மாமா, டிப்ளமோவில் மூன்று வருஷமும் பழுது நீக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், உண்டாக்க ஒரு பாடம்கூட இல்லை. பையில் இருந்த வாஷர் ஒவ்வொன்றாக வைத்தேன். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்து, “இது தயக்கமில்ல, பயம்” என்பார். அடுத்தது வைத்தால், “இது வெறும் பிடிவாதம்.” இன்னொன்று, “இது சோம்பேறித்தனம் தம்பி, உங்களுக்கே தெரியலையா?” எனக்கு எல்லாம் ஒரே கதவாகத்தான் தெரிந்தது. பதினோராவது வாஷரை நானே எரிச்சலில் அடித்துக் கோணலாக்கி வைத்தேன். கதவு முக்காலில் நின்றது, கொஞ்சம் நடுங்கியது, திரும்பியது. அவர் கண் கலங்கி, “முன்னை விட நல்லா இருக்கு” என்றார். ரெண்டு மணி நேரம் போச்சு.

மாடிக்கு ஓடும்போது மூட இன்னும் பத்து நிமிஷம்தான். ஸாதனாவின் படங்கள் குழந்தைகள் புத்தகத்துக்காக வரைந்தவை, கரையில் நட்டு ஏற்றி இறக்கும் பெரிய மீன்வலை இருக்கிறதே, அந்தச் சீனவலையில் ஒரு பூனை ஏறுகிற கதை. நன்றாகத்தான் இருந்தது, பூனையின் முழியே போதும். ஆனால் ஏழாம் படத்தில் வலையும் மேலே நிற்கிறது, அதற்கு எதிர்ப்பக்கம் கட்டித் தொங்கவிடும் கல்லும் மேலே நிற்கிறது. அது எப்படி நிற்கும்? வலை ஏறினால் கல் இறங்கணும், கல் ஏறினால் வலை இறங்கணும், லிஃப்டுக்கும் அதுதானே கணக்கு! அதுவரை சாயங்காலம் முழுக்கத் தப்பைத் தப்பாகவே வை என்று என்னை உட்கார வைத்த எரிச்சல் வேறு. நோட்டில் எல்லோரும் ‘மனதைத் தொட்டது’ என்று எழுதியிருக்க, நான், ‘படம் ஏழு தப்பு. ரெண்டும் மேலே இருக்க முடியாது. லிஃப்டாக இருந்தால் உள்ளே இருக்கிற ஆள் செத்தான், இங்கே பூனை’ என்று எழுதி, சரியான படத்தை அம்புக்குறி போட்டு வரைந்து, பெயர், போன் நம்பரோடு கையெழுத்தும் வைத்துவிட்டேன். விளக்கை அணைக்க வந்த ஜஸ்னா படித்துவிட்டு, “ஐயோ சேட்டா, இத ஸாதனா சேச்சி வாசிக்குமே!” என்றாள். வாசிக்கத்தானே எழுதினேன் என்றேன். படி இறங்கும்போதுதான் எதற்காக வந்தேன் என்பது ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினேன், பூட்டிவிட்டார்கள்.

ஆகவே அவர்கள் பதில் என்ன என்பதில் சந்தேகமில்லை. பையன் முரடன் என்று அவர்கள் சொல்வதை விட, ஜாதகம் சரியில்லை என்று நீங்கள் சொல்வது கௌரவம். எனக்கு இனிமேல் படம் வரையாத பெண்ணாகப் பாருங்கள். அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசி தூரத்திலிருந்தே போதும்.

இப்படிக்கு,
இசக்கிராஜா.

பி.கு.: மாமா, அண்ணாச்சிக்குப் போன் போட்டுவிடாதீர்கள்! இதைப் போட்டோ எடுக்கும்போதே ஸாதனா கூப்பிட்டாள். நான் எழுதியதை ஜஸ்னா ராத்திரியே போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டாளாம். “ஏழாம் படத்தோட நின்னுட்டீங்களோ? எட்டு கண்டில்லையா?” பூட்டிட்டாங்க என்றேன். “எட்டுல எல்லாம் தண்ணில விழும், மீனெல்லாம் பூனைக்கு. விழப்போகுதுன்னு ஏழுலயே சொன்ன ஆள் நீங்க ஒருத்தர்தான்.” அப்படின்னா அது தப்பில்லையா என்று கேட்டேன். “தப்புதான்” என்று சொல்லிச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று இதுவரை புரியவில்லை. அடுத்த புத்தகத்துக்கு லிஃப்டின் எதிர் எடையை நேரில் பார்த்து வரைய வேண்டுமாம். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, வைட்டிலாவில் நான் சர்வீஸ் பார்க்கும் பதினாலு மாடிக் கட்டடத்தின் மெஷின் ரூமில் பெண் பார்க்கிறேன். கூட அண்ணாச்சி வருகிறார். அங்கே மூன்று பேருக்கு மேல் நிற்க இடம் கிடையாது, அதனால் நம் சொந்தக்காரர்களை ஏற்றி வர நீங்கள் பேசி வைத்த வேனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.