உங்கள் மகன் பாலைவனத்தில் கண்டுபிடித்த தோல் ஷாப்பு

ஜோத்பூர், ஸ்டேஷனுக்கு எதிர்ச் சத்திரம்
பவ வருஷம், மாசி மாதம் 12-ஆம் தேதி

ஆம்பூரில் சகல சௌபாக்கியங்களுடனும் வீற்றிருக்கும் அத்தை எல்லம்மாள் அவர்களின் பாதங்களுக்கு, மருமகள் பங்கஜம் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் மகனும் உயிரோடு சுகமாயிருக்கிறோம். உயிரோடு என்று எழுதிவிட்டாளே என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது முழு உண்மை என்பதால்தான் எழுதினேன். தங்கள் முழங்கால் வலி குறைந்து, கருப்புப் பசு கன்று போட்டு, வீட்டில் எல்லாம் நல்லபடி இருப்பதாகவே நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

இதைப் பக்கத்து வீட்டு வேதாசலம் மாமாதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார். அவர் கடிதம் பிரித்தால் தெருவே வந்து உட்காரும். உட்காரட்டும் அத்தை, துரத்தாதீர்கள். இது பெருமையான சமாசாரம், நாலு பேர் கேட்கட்டும். நாலு பேர் கேட்கக்கூடாத இடம் ஒன்றும் வரும். அங்கே நான் மாமாவுக்குக் குறிப்புப் போட்டிருக்கிறேன்.

நாங்கள் புறப்பட்ட அன்றைக்கு நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி அஹமது பாஷா சாயபு உங்கள் மகனைக் கூப்பிட்டு, "ராஜபுதனத்துக்குப் போய் நல்ல ஆட்டுத்தோலாப் பாத்து எடுத்து அனுப்பு, இதுவரைக்கும் போய்ட்டிருந்த ஏஜெண்டு படுத்துட்டான், கல்யாணம் ஆகி இருபது நாள்தான் ஆவுது, பொண்டாட்டியையும் கூட்டினு போ, உங்களுக்கு ஹனிமூன் ஆச்சு, எனக்குத் தோல் ஆச்சு" என்று சொன்னதை அவர் வீட்டில் வந்து சொன்னபோது, "ஹனிமூனா, அது இன்னா?" என்று கேட்டீர்கள். அவர் கூச்சப்பட்டு, தேன், நிலா என்று ஏதோ சொன்னார். "தேன் எடுக்கணும்னா ஜவ்வாது மலை பக்கத்துலயே இருக்குதே, அதுக்கு எதுக்குடா ஆயிரம் மைலு?" என்றீர்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கட்டிக் கொடுத்த புளிச்சோறு பம்பாய் வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் மணல். ஆமதாபாத்தில் சின்ன ரயிலுக்கு மாறினோம், அதிலிருந்து ஜன்னலைச் சாத்தினாலும் மணல், திறந்தாலும் மணல், காப்பியில் மணல், உங்கள் மகன் மீசையில் மணல், நான் கண்ணை மூடினால் இமைக்குள்ளே மணல். ஜோத்பூரும் தாண்டி, தண்டவாளம் தீர்ந்துபோகிற ஒரு ஊரில் இறங்கினோம், அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. அங்கே உங்கள் மகன் ஆம்பூர்த் தெருவில் கற்ற உருதுவை எடுத்துவிட்டார். வேண்டாம் என்பதற்கு "நக்கோ, நக்கோ" என்று அவர் சொன்னதும் கூலியாட்கள் நாலு பேர் கூடி எங்கள் பெட்டியை இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினார்கள். பிறகு நான், நம்ம தெருவில் இருக்கிற சுகரா பேகம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை வைத்து மெதுவாகப் பேசி ஒரு வழி பண்ணினேன். அவர்கள் பேசினது எனக்கும் முழுசாகப் புரியவில்லை, நான் பேசினது அவர்களுக்கும் முழுசாகப் புரியவில்லை, ஆனாலும் பெட்டி வந்து சேர்ந்தது.

மூணு நாள் உங்கள் மகன் அங்கே ஒரு வியாபாரியின் கிடங்கிலேயே கிடந்தார். ஒவ்வொரு தோலாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார், பிடித்தால் நட்சத்திரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும், பூச்சி தின்றது. அந்த வியாபாரி சிரித்துக்கொண்டே, ஊறவைத்தால் எல்லாம் மூடிக்கொள்ளும் என்றானாம். உங்கள் மகன், "என் மொதலாளி என்னை நம்பி அனுப்பினாரு, ஓட்டையை அனுப்ப நான் வரல" என்று கையை உதறிவிட்டு வந்துவிட்டார். அந்த ஆள் கோபத்தில், இந்த ஊரில் இவனுக்கு ஒரு தோலும் கிடைக்காது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தான். கிடைக்கவும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் அத்தை. முதல் தடவையாக நம்பி அனுப்பிய வேலை, வெறுங்கையோடு போய் நின்றால் சாயபு முகத்தில் எப்படி விழிப்பது என்று அவருக்கு. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ளே பெருமை தாங்கவில்லை. பூச்சித் தோலை வாங்காத ஆளுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் அவரே, "உன்னை ஹனிமூனுன்னு கூட்டினு வந்து கிடங்கு வாசல்ல ஒக்கார வெச்சிட்டேன், வா, இங்க பாழடைஞ்ச பட்டணம் ஒண்ணு கீதாம், அதையாவது பாப்போம்" என்றார். ரெண்டு ஒட்டகம் பேசினோம். "மாட்டு வண்டி ஓட்டினவனுக்கு ஒட்டகம் இன்னா பெரிய ஒட்டகம்" என்று அவர் ஏறி உட்கார்ந்தார். ஒட்டகம் எழுந்திருக்கும்போது முதலில் பின்னங்காலைத்தான் தூக்கும் என்று யாருமே அவருக்குச் சொல்லவில்லை. அவர் கழுத்து வழியாகச் சறுக்கிக்கொண்டு போய் அதன் தலையைக் கட்டிக்கொண்டார், அது இவரைப் பார்த்தது, இவர் அதைப் பார்த்தார். ஆனால் கீழே விழவில்லை. இதைத் தெருவில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மாமா ஒருமுறைக்கு ரெண்டுமுறை வாசிக்கவும்: கீழே விழவில்லை.

நாலு மணி நேரம் போனோம். கண்ணுக்கு எட்டின மட்டும் மேடு மேடாக மணல், காற்று அதில் கோலம் போட்டுக்கொண்டே இருக்கிறது, அழிக்கிறது, மறுபடி போடுகிறது. நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை அத்தை, பார்த்துக்கொண்டே வந்தேன். அப்புறம் திடீரென்று ஒரு கோட்டை வாசல், வாசல் மட்டும், கோட்டையைக் காணோம். உள்ளே பாதி மணலில் முழுகின மண்டபம், தலை போன கல் சிலைகள், எந்த ராஜா என்று கேட்டால் ஒட்டகக்காரருக்குத் தெரியவில்லை. அவர் உள்ளே வரவும் மாட்டேன் என்றார், பூதம் இருக்கிறதாம். கூப்பிடு தூரத்தில் ஒரு கிராமம் தெரிந்தது, அந்த ஜனங்களும் யாரும் உள்ளே கால் வைப்பதில்லையாம்.

நாங்கள் வைத்தோம். மண்டபத்துக்குப் பின்னால் வட்டமாக ஒரு குழி. உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பூச்சு. உங்கள் மகன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். பூச்சை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "பங்கஜம்! சுண்ணாம்பு! இது தோல் ஊறப்போடற சுண்ணாம்புக் குழி! ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க தோல் ஷாப்பு இருந்துக்குது!" என்று கத்தினார். மூணு நாளாகச் செத்திருந்த முகம் அப்படியே பூத்துவிட்டது. ஆழம் எவ்வளவு, எத்தனை தோல் போடலாம் என்று பார்க்க உள்ளே இறங்கினார். நான் வேண்டாம் என்றேன். இறங்கி, அடியில் நின்று, காலால் ஒரு தட்டுத் தட்டினார். அடி போய்விட்டது. அடிக்குக் கீழே இன்னொரு பள்ளம் இருந்திருக்கிறது. தூசி மேகமாக எழும்பிற்று, மணல் சரசரவென்று உள்ளே கொட்டிற்று, அவரைக் காணோம்.

"ஏங்க!" என்று கத்தினேன். மண்டபம் நாலு பக்கமும் "ங்க, ங்க" என்று திருப்பிச் சொல்லிற்று. பதில் இல்லை. ஒட்டகக்காரரிடம் ஓடிப்போய், என் வீட்டுக்காரர் பூமிக்குள்ளே போய்ட்டாரு என்று எனக்குத் தெரிந்த உருதுவில் சொன்னேன். அவர் அதைக் கேட்டதுதான் தாமதம், ஒட்டகத்தைத் தட்டிவிட்டுக் கிராமத்தைப் பார்த்துப் பறந்தார். கிராமத்து ஜனங்கள் கிணற்றடியில் நின்று என்னைப் பார்த்தார்கள். கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டேன். ஒருத்தரும் வரவில்லை.

வேதாசலம் மாமாவுக்கு: இங்கே தயவுசெய்து குரலை இறக்கி, அத்தைக்கு மட்டும் கேட்கும்படி வாசிக்கவும்.

அத்தை, நான் அவர் பெயரைச் சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்றைக்கு என் வாயில் கோடிப் புடவை என்ற வார்த்தை வந்தபோது, அது புருஷன் பெயரில் பாதி, சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று என் வாயைப் பொத்தினீர்கள். புதுப் புடவை என்று சொல் என்றீர்கள். எதிர்வீட்டுத் தனம் அக்காவைக்கூட அன்றிலிருந்து நான் "அந்த அக்கா" என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றிற்று: ஆயுசு இருந்தால்தானே குறைய முடியும்? முன்பாதி தனம், பின்பாதி கோடி, ரெண்டையும் சேர்த்து, அடிவயிற்றிலிருந்து, ஒரு தரம் இல்லை, பத்துப் பதினைந்து தரம் கத்தினேன். சேர்த்து எழுதக் கை இன்னும் வரவில்லை, ஆனால் அன்றைக்குக் கத்த வாய் வந்தது.

குழிக்குள்ளேயிருந்து, "இன்னாம்மா?" என்று பதில் வந்தது.

நீங்கள்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்திருக்கிறார். அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்ட பெண்பிள்ளை உலகத்திலேயே நீங்கள் ஒருத்திதானே. நான் "ஏங்க, ஏங்க" என்று கத்தினதும் அவர் காதில் விழுந்ததாம், ஏதோ ஆடு கத்துது என்று இருந்துவிட்டாராம். இடுப்பு மட்டும் மணல், கால் அசையவில்லை, மற்றபடி ஒன்றும் இல்லை. நான் குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், ரெண்டும் ஒன்றாக வந்தது.

அதற்குள் பின்னால் திமுதிமுவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் அந்தக் கிராமமே ஓடி வருகிறது! மண்வெட்டி, கயிறு, கூடை, கடப்பாரை, எல்லாருக்கும் முன்னால் நம்ம ஒட்டகக்காரர். நம்ம தனம் மாதிரியே வடக்கே "தன்" என்றாலும் சொத்துதானாம். பாழடைந்த பட்டணத்தில் ஒருத்தி நின்றுகொண்டு தனம், கோடி என்று தொண்டை கிழியக் கத்தினால், புதையல் கிடைத்துவிட்டது என்றுதானே நினைப்பார்கள்? அத்தனை பேருக்கும் பூதம் மறந்துபோயிற்று. நானும் அப்போதைக்கு ஒன்றும் மறுக்கவில்லை. அரை மணியில் மணலை வாரித் தள்ளி, கயிறு போட்டு இழுத்தார்கள். உங்கள் மகன் உச்சி முதல் உள்ளங்கால் வரை விபூதி அபிஷேகம் ஆன மாதிரி மேலே வந்தார். ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லாரும் குழியையே பார்த்தார்கள். முக்காடு போட்ட ஒரு கிழவி என்னிடம் வந்து, "தன் எங்கே?" என்று கேட்டாள்.

நான் அவர் தோளைத் தொட்டுக் காட்டினேன்.

முப்பது பேரும் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எல்லார் கையிலும் மண்வெட்டி, கடப்பாரை. அந்தக் கிழவிக்குத்தான் முதலில் விளங்கிற்று. "புருஷன் பேரா?" என்று சாடையாகக் கேட்டாள், ஆமாம் என்றேன். அவ்வளவுதான், முக்காட்டைக் கடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள், பெண்கள் எல்லாம் சேர்ந்து சிரித்தார்கள். அந்த ஊரிலும் யாரும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்களாம் அத்தை! அவள் வீட்டுக்காரர் ஒருமுறை மணல் காற்றில் தொலைந்தபோதுகூட அவள் பெயரைச் சொல்லாமல் விடிய விடியத் தாம்பாளத்தைத் தட்டினாளாம். "நீ கெட்டிக்காரி, எனக்குக் கைதான் வீங்கிற்று" என்றாள்.

தன் வீட்டுக்கே கூட்டிப்போய்க் கம்பு ரொட்டியும் மோரும் கொடுத்தாள். மோர் குடிக்கும்போதுதான் உங்கள் மகன் அந்த வீட்டுக் கொட்டகையைப் பார்த்தார். உள்ளே ஆட்டுத்தோல் கட்டுக் கட்டாக. எழுந்து போய் ஒன்றை எடுத்துத் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார், ஒரு ஓட்டை இல்லை, ஒரு கத்திக் கீறல் இல்லை. தாலி கட்டின அன்றைக்குக்கூட என்னைப் பார்த்து அவர் முகம் அப்படி மலரவில்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கிராமம் முழுக்க ஆட்டுக்காரர்களாம், அந்தப் பூச்சித் தோல் வியாபாரிக்குக் கொடுக்க இஷ்டமில்லாமல் வைத்திருந்தார்களாம். ரெண்டு நாள் அங்கேயே தங்கி அவர் பொறுக்கி எடுத்தார், பன்னிரண்டு ஒட்டகத்தில் ஏற்றினோம். ஜோத்பூர் வந்து சாயபுவுக்குத் தந்தி கொடுத்தோம். நேற்றுப் பதில் வந்தது: "ஷாபாஷ். பூராவும் அனுப்பு." அந்தத் தந்தியை உங்கள் மகன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

இன்னொரு சங்கதி. அந்தக் கிழவி என்னிடம் தனியாகச் சொன்னாள், அந்தக் குழி அவள் மாமனார் வெட்டினதாம், பஞ்ச காலத்தில் கம்பு கொட்டிவைக்க, பூதத்துக்குப் பயந்து திருடன் வரமாட்டான் என்று அங்கே. வண்டு வராமலிருக்கச் சுண்ணாம்பு பூசினாராம். ஆயிரம் வருஷமும் இல்லை, தோல் ஷாப்பும் இல்லை. உங்கள் மகனிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் தன் கண்டுபிடிப்பைப் பற்றி மதராஸ் பத்திரிகைக்கு மூணு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார், எழுதட்டும். நீங்களும் சொல்ல வேண்டாம்.

அத்தை, நான் செய்த தப்புக்காக நம்ம ஊர்க் கோயிலில் அவர் ஆயுசுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிடுங்கள், பெயரை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். இனி என் உயிர் உள்ளவரை அந்தப் பெயர் என் வாயில் வராது, இது சத்தியம். வேதாசலம் மாமாவுக்கும் அந்த அக்காவுக்கும் நமஸ்காரம், சுகரா பேகத்துக்கு என் சலாம், கன்று போட்டிருந்தால் கன்றுக்கு ஒரு முத்தம். எங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கவேண்டிக் கேட்டுக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிந்த மருமகள்,
பங்கஜம்

பின்குறிப்பு: இது ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடுவதை மன்னிக்கவும். நான் உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மகன் கடிதம் முழுவதையும் படித்துவிட்டார். கம்புக் குழி வந்த இடத்தை ரெண்டு தரம் படித்தார். பிறகு மூணு பக்கத்தையும் கிழித்துப் போட்டார். அப்புறம் கடைசிப் பத்தியைக் காட்டி, "இந்தச் சத்தியத்தை யாரைக் கேட்டுப் பண்ணின?" என்றார். ஜோத்பூர் ஸ்டேஷனில் மணி அடித்தாயிற்று, கார்டு கொடி காட்டியாயிற்று, நான் பெட்டியில், அவர் பிளாட்பாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "ஏங்க, ஏறுங்க" என்றேன். "ஆடு ஏதோ கத்துது" என்கிறார். ரயில் அசைந்துவிட்டது அத்தை. நான் என்ன செய்வேன்? கூப்பிட்டேன். பிளாட்பாரத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஓடி வந்து ஏறிவிட்டார். மார்வார் ஜங்ஷன் வருவதற்குள் தண்ணீர் வேண்டும் என்றும், ஜன்னலைச் சாத்த வேண்டும் என்றும், ஒன்றுமே வேண்டாமல் சும்மாவும், இன்னும் ஆறு தடவை கூப்பிட வைத்துவிட்டார். ஆகையால் அர்ச்சனையை ஒன்றோடு நிறுத்த வேண்டாம்.