தவளைக்கும் கோழிக்கும் வெளியே போனவள்

பாளையங்கோட்டை
1913 மே 22, வியாழக்கிழமை

மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ அண்ணாச்சி தேவசிகாமணி அவர்கள் சமுகத்திற்கு, தங்கை ஹெப்சிபா மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் ஆண்டவர் கிருபையால் தலைவலி ஒன்றைத் தவிர வேறு குறைவில்லை. அவ்விடம் தாங்களும் மதினியும் பிள்ளைகளும் ஸ்ரீவைகுண்டத்து வெயிலில் வாடாமல் இருக்கத் தினமும் மன்றாடுகிறேன்.

நிற்க. சுற்றி வளைப்பானேன், சொல்லிவிடுகிறேன். நான் பெயில்.

புறப்படும்போது நமக்குள் நடந்த பேச்சு தங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாலாம் வகுப்புக்குப் பாடம் சொல்லுகிறவர்கள் எல்லோரும் கோடை விடுமுறையில் பதினாறு நாள் இயற்கைப் பாட வகுப்புக்கு வந்து தேறவேண்டும் என்று உத்தரவு வந்தது. தேறினால் நான் பனைவிளைப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போகலாம், கலியாணப் பேச்சைத் தாங்கள் இனி எடுப்பதில்லை. தேறாவிட்டால் அந்த வேலைக்கு ஓர் ஆண் வாத்தியார் வருவார், நான் நேசையா உபதேசியாருக்கு வாழ்க்கைப்படவேண்டும். இதுதானே பேச்சு? நான் சொன்ன சொல் மாறுகிறவள் அல்ல. வருகிற புதன்கிழமை வண்டி கொண்டு வாருங்கள். உபதேசியாருக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள். ஆனால் பெயில் என்றதும் மதினி, "நம்ம ஹெப்சிக்குப் படிப்பு ஏறல்லியோ" என்று கேட்பார்கள். ஏறாமல் போகவில்லை, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வகுப்பில் நாற்பது ஆண்கள், நான் ஒருத்தி. முதல்நாள் எனக்கு உட்கார இடம் இல்லை. ஆண்கள் பெஞ்சில் இடம் இருந்தது, ஆனால் அது ஆண்கள் பெஞ்சு. கடைசியில் பியூன் சுடலையாண்டி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, மூலையில் மனித எலும்புக்கூட்டுப் படம் தொங்குகிற இடத்தில் போட்டான். பதினாறு நாளும் என் பக்கத்தில் இருந்தது அந்த எலும்புக்கூடு ஒன்றுதான். பாடம் நடத்துகிறவர் சிவசைலம் பிள்ளை என்று ஒருவர், சென்னையில் படித்துவிட்டு வந்த சின்ன வயசுக்காரர், மகா சங்கோஜி. என்னிடம் ஏதாவது கேட்கவேண்டுமென்றால் எலும்புக்கூட்டைப் பார்த்துக் கேட்பார், நான் பதில் சொல்லுவேன். பரிசோதனைகளை இரண்டிரண்டு பேராகச் செய்யவேண்டும் என்றார். நாற்பது பேரும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். நான் ஒருத்தியே ஒரு கையில் கண்ணாடிச் சாடியும் ஒரு கையில் எரிகிற மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டு, தண்ணீர்த் தட்டை எந்தக் கையால் பிடிப்பது என்று தெரியாமல் முழங்கையால் தள்ளினேன். தண்ணீர் முழுவதும் சிவசைலம் பிள்ளை வேட்டியில். அவர், "பரவாயில்ல, பரவாயில்ல" என்று எலும்புக்கூட்டிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடியவர் அன்றைக்குத் திரும்பி வரவே இல்லை. நாற்பது பேரும் என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சாடிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று இருந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் நாள் பூ பாடம் ஆரம்பித்ததே, அங்கேதான் வந்தது வினை. பலகையில் ஒரு பெரிய பூவை வரைந்தார். அதன் நடுவில் ஒரு கோடு இழுத்து, "இது ஆண்..." என்றார். அதற்கு மேல் வாய் வரவில்லை. காது இரண்டும் சிவந்துபோயின. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய போயி... அந்த மரத்தப் பார்த்துட்டு இருங்களேன்" என்றார். மரியாதைக்காகச் சொல்லுகிறார், எழுந்து போனேன். பெண்பிள்ளை வராந்தாவில் தனியாக இருப்பது முறையில்லை என்று, எல்லோரிலும் மூத்தவரான மேலப்பாளையத்து அசன் மைதீன் வாத்தியாரைத் துணைக்கு அனுப்பினார். அவர் வந்து தூணில் சாய்ந்த மறுநிமிஷம் குறட்டை. அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சிருஷ்டியில் ஆண், பெண் இல்லாத பாடம் எது, சொல்லுங்கள் அண்ணாச்சி? தவளைக்கு வெளியே போனேன். கோழிக்கு வெளியே போனேன். பட்டுப்பூச்சிக்கு வெளியே போனேன். காந்தமாவது இருந்து கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். வடமுனையும் தென்முனையும் ஒன்றையொன்று இழுக்கும் என்று சொல்லும்போதே ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. காந்தத்துக்கும் வெளியே போனேன். எலும்புக்கூடு ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாததால் அதை மட்டும் உள்ளேயே விட்டுவைத்தார்கள். ஒருநாள் அசன் மைதீன் வாத்தியார் கண்ணைத் திறந்து, "உன்னால எனக்கும் தவள போச்சே, தாயி" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "போனா போவுது. அல்லா எனக்குத் தவளையக் காட்டாமலா வச்சிருக்கான்?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டார். இந்தப் பதினாறு நாளில் அந்த வகுப்பிலிருந்து ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அது ஒன்றுதான்.

நான் தங்கியிருக்கிற வீட்டுச் சாரம்மாள் தங்களுக்குத் தெரிந்தவர்தான், வீடு வீடாகப் போய் வேதம் வாசிக்கிறவர். விடியும்போது போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். வந்ததும் ஜெபம். ஜெபத்தில், "இந்தப் பிள்ளை ஹெப்சிபாவுக்குப் புத்தியைக் கொடும்" என்று தினமும் என் பெயரைச் சொல்லுவார். எழுந்ததும் என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டார், சொல்லவேண்டியதை மேலே சொல்லியாகிவிட்டதல்லவா? இந்த ஊரில் என் பெயர் ஒருவர் வாயில் வருகிறதென்றால் அது ஆண்டவரிடம்தான்.

வராந்தாவை ஒட்டிச் சுடலையாண்டியின் குடிசை. கூரைமேலே பூசணிக்கொடி படர்ந்து கிடக்கிறது. அவன் பெண்டாட்டி கோமு காலையில் வந்து ஒரு பூவைப் பறிப்பாள், இதழையெல்லாம் பிய்த்துப்போடுவாள், நடுவில் இருக்கிற மஞ்சள் தண்டை இன்னொரு பூவுக்குள்ளே விட்டுத் தடவுவாள். எனக்கோ வேறு வேலையில்லை. பைய எழுந்துபோய், என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"இது ஆம்பளப் பூ, வாத்திச்சியம்மா. நெட்டக் காம்பா இருக்கும், சும்மா மினுக்கிக்கிட்டு நிக்கும். இது பொம்பளப் பூ. அடியில பாருங்க, குஞ்சுப் பூசணி இருக்கா? அந்த மஞ்சப் பொடி இதுல ஒட்டணும். வண்டு வந்தா கொண்டாந்து ஒட்டும். வராட்டா நாமதான் வைக்கணும். இல்லன்னா பிஞ்சு வெம்பி விழுந்துரும்" என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்து, "உள்ள என்ன படிக்காவ?" என்று கேட்டாள்.

"இதைத்தான்" என்றேன்.

"இதுக்கா நாப்பது ஆம்பளையள அடைச்சுப் போட்டுப் பாடம் நடத்துதாவ!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பாளையங்கோட்டைக்கு வந்து அன்றைக்குத்தான் சிரித்தேன், அண்ணாச்சி. மறுநாளிலிருந்து நானும் அவளோடு பூ வைத்தேன். நான் வைத்ததில் மூன்று பிஞ்சு பிடித்திருக்கிறது.

இன்று பரீட்சை. இன்ஸ்பெக்டர் துரை வந்தார். வெள்ளைக்காரர், வேதப் புஸ்தகத்துத் தமிழ் பேசுகிறவர். வாயு கேட்டார், சொன்னேன். நீர் கேட்டார், சொன்னேன். தவளையையும் காந்தத்தையும் அவர் மறந்துபோனது ஆண்டவர் செயல். பிறகு, "இப்பொழுது பூவைப்பற்றி" என்றார். சிவசைலம் பிள்ளை எலும்புக்கூட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன்! போனவளைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். அசன் மைதீன் வாத்தியாரைக்கூட இன்று துணைக்கு அனுப்பவில்லை, அவருக்கும் பரீட்சை அல்லவா? ஒவ்வொருவராக உள்ளே சொல்லுகிற சத்தம் கேட்டது. கூப்பிடவே இல்லை. மத்தியானம் கதவில் தாள் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேராக வாயுவில் எண்பத்திரண்டு, நீரில் எழுபத்தொன்பது, பூவில் 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. ஒன்றில் போனால் எல்லாம் போச்சு. பதின்மூன்று அடி தள்ளி இருந்தவளைப் பார்த்து வரவில்லையாம்! உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்களுக்கு நடுவில் நின்று, என்னிடம் ஏன் ஆண்பூ பெண்பூ கேட்கவில்லை என்று எந்த வாயால் கேட்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் வந்துவிட்டேன்.

ஆகையால் தங்கள் சித்தப்படியே ஆகட்டும். நேசையா உபதேசியார் நல்ல மனுஷர்தான். தாயில்லாத நாலு பிள்ளைகள், வீடு நிறையச் சத்தம் இருக்கும். பனைவிளையில் நாலு மணிக்குப் பிள்ளைகள் போய்விட்டால் நானும் நாலு சுவரும்தான், தங்களுக்குத் தெரியாததா? மதினிக்குக்கூடச் சொல்லவேண்டாம் அண்ணாச்சி, இந்தப் பதினாறு நாளுக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நினைத்தால் ஆசையாகக்கூட இருக்கிறது.

மதினிக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். தங்கள் வாசலில் வருகிறவர்களும் போகிறவர்களும் சமாதானமாய் வந்துபோக ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தங்கை,
ஹெப்சிபா

பி.கு.: வெள்ளிக்கிழமை மத்தியானம். அண்ணாச்சி, வண்டி கொண்டு வராதீங்க! மேலே எழுதினது அவ்வளவும் நேற்றைக்குச் சரி, இன்றைக்குத் தப்பு. கிழித்துவிட்டு வேறே எழுதலாமென்றால் சாரம்மாள் வீட்டில் இதற்குமேல் தாள் கிடையாது.

இன்று காலையில் சர்டிபிகேட் கொடுத்தார்கள். நானும் மூலையில் போய் உட்கார்ந்திருந்தேன். நாற்பது பேரும் வாங்கி முடிந்ததும் சிவசைலம் பிள்ளை ஒரு தாளைப் பார்த்து, "ஒருவர் மாத்திரம் கடைசிப் பாடத்திற்கு வராத காரணத்தினால்" என்று வாசித்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, "வந்தேன்!" என்று ஒரு சத்தம். யார் சத்தம் போட்டது என்று நானே திரும்பிப் பார்த்தேன். துரை, "அம்மணி, நீர் எங்கே இருந்தீர்?" என்றார். "வராந்தாவில் துரையவர்களே. பூவுக்கெல்லாம் நான் வராந்தாதான்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்கவேண்டிய சிவசைலம் பிள்ளை குனிந்த தலையோடு பார்வையாலே தரையை விளக்கிக்கொண்டிருந்தார். நான் விறுவிறு என்று வெளியே போனேன், கொடியில் இரண்டு பூவைப் பறித்தேன். "ஏ வாத்திச்சியம்மா! பிஞ்சுள்ள பூவப் பறிச்சிட்டியளே, பாவி!" என்று கோமு போட்ட கூச்சல் உள்ளே வரைக்கும் கேட்டது. துரையின் மேஜைமேலே இரண்டையும் வைத்து, இது ஆண்பூ, இது பெண்பூ, இதில் இருக்கிற பொடி இதிலே ஒட்டினால்தான் காய் என்று ஒட்டியே காட்டினேன். நாற்பது பேரும் கூரையில் இருக்கிற ஓடுகளை எண்ணிக்கொண்டு மேலே பார்த்தார்கள். துரை அவர்களைப் பார்த்து, "உங்களில் யார் இதைக் கண்ணால் கண்டவர்?" என்று கேட்டார். ஒரு கை தூக்கவில்லை, எல்லோரும் பலகையில் கண்டவர்கள். துரை 'வரவில்லை'யை அடித்துவிட்டுத் தொண்ணூறு என்று போட்டார்.

முன்பக்கத்தை வாசித்த கையோடு உபதேசியாருக்கு ஆள் போயிருந்தால் இன்னொரு ஆளை அனுப்பித் தடுத்துவிடுங்கள். சத்தத்துக்கு ஆசைப்பட்டது நிஜம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்காக ஒருவரைக் கட்டிக்கொண்டால் அது அவருக்கும் நியாயம் இல்லை. திங்கட்கிழமை பனைவிளைக்குப் போகிறேன். அந்த நாலு சுவரும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போகிறேன்.

சர்டிபிகேட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. அதற்குள் எல்லோரும் அவரவர் வண்டிக்குப் போய்விட்டார்கள். கோமு பூவுக்காகக் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். சாரம்மாள் பொழுதடைந்துதான் வருவார். அண்ணாச்சி, நான் பாஸ். இந்த ஒரு வரியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்துவிடுங்க.