முன்னால் போனவர் என்ன செய்தார்?

மனிதர்களில் முன்னவர்தாசர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், கவலைப்பட வேண்டாம். ஓட்டலில் உட்கார்ந்ததும் மெனுவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அந்த டேபிள்ல என்ன சாப்பிடறாங்க?” என்று கேட்பவர் இவர்தான். எதற்கென்றே தெரியாமல் நீண்ட வரிசையைப் பார்த்துப் போய் நிற்பவரும் இவர்தான். தரையில் இருக்கும்வரை இவரால் யாருக்கும் தொல்லையில்லை. இவர் விமானம் ஓட்டக் கிளம்பிவிட்டால்?

கிளம்பியிருக்கிறார். நம் கேப்டன் வாட்டசாட்டமான ஆள். தோளில் நாலு தங்கக் கோடு, தொண்டையில் கம்பீரம். அவரை நம்பி ஒருவர் விமானத்தை ஒப்படைக்கலாம், ஒப்படைத்தும் இருக்கிறார்கள். ஆனால் எதிரே இடிமேகம் என்று வந்துவிட்டால், ராடார் திரை பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கத்திக்கொண்டிருக்க, அதை ஓரக்கண்ணால்கூடப் பார்க்காமல், தரையிலிருக்கும் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“முன்னால போனவரு என்ன பண்ணாரு?”

கட்டுப்பாட்டு அறைக்காரர் வேறு ரகம். அவர் போ என்றும் சொல்லமாட்டார், போகாதே என்றும் சொல்லமாட்டார். நாளைக்கு விசாரணை என்று வந்தால் இரண்டில் எதையும் தான் சொல்லியிருக்கக் கூடாது. “போயிட்டிருக்காரு சார். முடிவு உங்களுதுதான்” என்பார். நம்மவர் காதில் முதல் பாதிதான் விழும். முன்னால் போனவர் போனது சற்று முன்பிருந்த மேகத்தில். அதற்குள் மேகம் நகர்ந்திருக்காதா, வீங்கியிருக்காதா? அதெல்லாம் மேகத்தின் சொந்த விஷயம்.

அன்று மாலை நூற்றுக்கு மேற்பட்ட பயணிகள். பன்னிரண்டாம் வரிசை ஜன்னலோரம் கேப்டனின் மனைவி. “ஓட்டறது எங்க வீட்டுக்காரர்தான்” என்று அக்கம்பக்கத்து இருக்கைகளுக்கெல்லாம் தெரிவித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். இறங்க வேண்டிய ஓடுபாதைக்கு மேலே கன்னங்கரேலென்று மேகம்.

“சார், நேரா சிவப்புல போறோம். கொஞ்ச நேரம் சுத்திட்டு, அது நகர்ந்ததும் எறங்கலாமே” என்றாள் துணை விமானி.

“முன்னால ஒருத்தர் போறாரும்மா.”

“அவரு எறங்கிட்டாரான்னு தெரியலையே சார்.”

“எறங்காம எங்க போயிடப் போறாரு?”

மேகத்துக்குள் நுழைந்ததும் ஆலங்கட்டிகள் கண்ணாடியை உடைத்துவிடுவதுபோல் அடித்தன. விமானம் ஒரு பள்ளத்தில் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. பின்னால் யாரோ அலறுவது மூடிய கதவைத் தாண்டிக் கேட்டது. “திரும்பிடலாம் சார்” என்றாள் துணை விமானி, இந்த முறை கெஞ்சலில்லாமல். கேப்டனும் பயந்துதான் போனார். உண்மையான பயம் அது. பன்னிரண்டாம் வரிசை நினைவுக்கு வந்தது. திரும்பு, திரும்பு என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அடித்துக்கொண்டது. ஆனால் முன்னவர்தாசர் தன் உள்குரலை நம்பி இதுவரை ஒரு சட்டைகூட வாங்கியதில்லையே. கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார்.

“முன்னால போனவரு?”

“இப்பத்தான் திரும்பிட்டாரு சார். எறங்கலை.”

“நானும் அதைத்தான் நினைச்சேன்” என்று துணை விமானியிடம் சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் விமானத்தை மேலே ஏற்றினார். குலுங்கிக் குலுங்கி வெளிச்சத்துக்கு வந்து, அடுத்த ஊர் விமான நிலையத்தில் போய் இறங்கினார்கள். பின்னால் வரிசையாக வந்துகொண்டிருந்த விமானங்களும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக அங்கேயே வந்து சேர்ந்தன.

அங்கே காபிக் கடையில் முன்னால் போனவர் நின்றிருந்தார். பாதிக் காபியைத் தட்டில் சிந்தியிருந்தார்.

“நான் அப்பவே திரும்பியிருப்பேன் சார். பின்னால யாரு வர்றாங்கன்னு கேட்டேன். நீங்கன்னாங்க. இத்தனை அனுபவம் உள்ளவரே தைரியமா வர்றாரு, நமக்கென்னன்னு உள்ள போயிட்டேன்.”

கேப்டன் இதைக் கேட்டு வெட்கப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் பூரித்துத்தான் போனார்.

கலைந்த தலையோடு பின்னாலேயே வந்து நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெல்லக் கேட்டார்.

“ஏங்க, அவரு திரும்பலைன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?”

கேப்டன் பதிலுக்காக முன்னால் போனவரைப் பார்த்தார். முன்னால் போனவர் ஏற்கெனவே கேப்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், நமக்கும் அந்த இனத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் எல்லாவற்றையும் சொந்தமாக யோசித்து முடிவெடுப்பவர் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. உங்களுக்குச் சந்தேகமிருந்தால், வீட்டில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.