பர்மா அலமாரிக்குப் பூக் கேட்ட கதை

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் சொந்தமாக எடுத்த முடிவுகள் மொத்தம் இரண்டு. முதலாவது, மீசையை எடுத்தது. நர்மதா ஒரு பார்வை பார்த்தாள், திரும்ப வளர்த்துவிட்டேன். இரண்டாவதுதான் இந்த அலமாரி.

நான் சந்திரசேகர். நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன மில்லில் சூப்பர்வைசர். புத்தகம் என்றால் எனக்கு உயிர். அந்த உயிர் இத்தனை வருஷமும் முட்டை அட்டைப்பெட்டிகளுக்குள், கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. ஒரு புத்தகம் வேண்டுமென்றால் தவழ்ந்து உள்ளே போய், பெட்டி பெட்டியாகக் கிளறி, தும்மிக்கொண்டே வெளியே வர வேண்டும். வருவதற்குள் எதைத் தேடிப் போனேன் என்பதே மறந்துவிடும்.

ஆனி மாசக் கடைசியில் ஒருநாள் நர்மதா விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஆவணியில ஊட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறோம். அதுக்குள்ள இந்தக் குப்பைக்கு ஒரு வழி பண்ணுங்க."

"குப்பையா? இதெல்லாம் அறிவு, நர்மதா! அறிவு!"

"உங்க அறிவுல எலி குட்டி போட்டிருக்குதுங்க. வழி பண்ணலைன்னா பழைய பேப்பர்காரரு வண்டியில ஏத்திருவேன்."

ஏற்றிவிடுவாள். என் சைக்கிளை அப்படித்தான் ஏற்றினாள். நான் அப்போது அதன் மேல் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கே சபதம் எடுத்தேன். என் புத்தகங்கள் ஹாலில், நடுச் சுவரில், வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கும்படி நிற்க வேண்டும். அதுவும் சாதா அலமாரியில் அல்ல. அரக்கு மெருகு போட்ட பழங்கால அலமாரியில்! ஒரு வாரம் செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். அரக்கு எது, வார்னிஷ் எது, உளுத்த மரத்தை எப்படித் தட்டிப் பார்ப்பது, ஆணியை வைத்து எப்படி வயசு சொல்வது, எல்லாம் கரைத்துக் குடித்தேன்.

ஓமலூரில் தீனதயாளன் என்று ஒருவர் பழைய மரச்சாமான் வியாபாரம் செய்கிறார் என்று மில்லில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். நர்மதாவும் கிளம்பினாள்.

"நீ எதுக்கு? இதுக்கெல்லாம் தனி ஞானம் வேணும்."

"உங்க ஞானத்தைப் பாக்கறதுக்குத்தானுங்க வாரேன்."

கடையில் முதலில் ஒரு சிவப்பு அலமாரி. செக்கச்செவேலென்று மின்னியது. நான் டாக்டர் மாதிரி நாலு இடத்தில் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். கண்ணை மூடினேன்.

"நூத்திருபது வருஷம் இருக்கும். அசல் அரக்கு."

"சாருக்கு என்ன கண்ணுங்க!" என்றார் தீனதயாளன்.

நர்மதா பின்பக்கமாகப் போனாள். மூக்கை வைத்து ஒரு தடவை முகர்ந்தாள்.

"ஏனுங்க, இது அரக்கு இல்லீங்க. லாரி பாடிக்கு அடிக்கற பெயிண்ட்."

அவளுடைய அப்பா லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். அந்தப் பெயிண்ட் வாசத்திலேயே வளர்ந்தவள்.

"அதெல்லாம் இல்லீங்கக்கா..." என்று தீனதயாளன் ஆரம்பித்தார்.

"பின்னால பிளைவுட் அடிச்சிருக்குதுங்களே. நூத்திருபது வருஷத்துக்கு முன்னாடி எந்தக் கடையிலீங்க பிளைவுட் வாங்குனாங்க?"

தீனதயாளன் கூரையைப் பார்த்தார். நானும் கூரையைப் பார்த்தேன். கூரை அசல் பழசுதான்.

அடுத்தது உண்மையான சரக்கு. நர்மதாவே முகர்ந்து பார்த்துத் தலையாட்டினாள். கரிய அரக்கு, அதன் மேல் மங்கிய பொன் கொடிகள், நாலு கண்ணாடிக் கதவுகள். பர்மாவில் வியாபாரம் செய்தவர் வீட்டுச் சாமானாம். மெருகில் முடி முடியாக வெடிப்பு ஓடியிருந்தது. அதுதான் வயசுக்குச் சாட்சி என்று வீடியோவில் சொன்னார்கள். நான் அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். பொண்ணு பார்க்கப் போன அன்றைக்குக்கூட நான் இப்படிப் பார்க்கவில்லை. இதை நர்மதாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அவளுக்கு விளக்கினேன்.

"கண்ணாடிக் கதவு பாரு. பொட்டுத் தூசி உள்ளே போகாது."

"ஓஹோ."

"அரக்கு போட்ட மரம். பூச்சி பொட்டு அண்டாது."

"அப்படிங்களா?"

"தட்டை மேலே கீழே மாத்திக்கலாம். எந்த உயரமா இருந்தாலும் அடங்கும்."

"அடடா!"

"வெளியே இருந்து பார்த்தாலே உள்ளே என்ன இருக்குன்னு தெரியும். கேட்டதைச் சட்டுன்னு எடுத்துக் குடுக்கலாம்."

"ரொம்ப நல்லதாப் போச்சுங்க."

இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்னதை அவள் இவ்வளவு நேரம் கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். எங்கே! நான் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பேரம் முடிந்ததும் நர்மதா சிவப்பு அலமாரியைக் காட்டினாள். "இதையும் சும்மா ஏத்தி உடுங்க. ஏமாத்தப் பாத்ததுக்கு."

"எடுத்துக்கங்கக்கா," என்றார் தீனதயாளன், ஆளை விட்டால் போதுமென்று.

"இந்தப் போலி எதுக்கு நர்மதா?"

"கெடக்கட்டுமுங்க. எதுக்காச்சும் ஆகும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் குண்டைப் போட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கறுப்பு அலமாரி என்ர சேலைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது."

நர்மதா நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊரில் சேலை எடுத்து வந்து வீட்டிலேயே விற்கிறாள். சோபா மேல் சேலை, டிவி மேல் சேலை, ஊஞ்சலில் சேலை. போன மாசம் நான் போர்த்திக்கொண்டு தூங்கியதைக்கூட ஒருத்தி விலை கேட்டாள்.

"சேலைக்கா? அது புத்தக அலமாரி!"

"தூசி போகாதுன்னீங்க. பூச்சி அண்டாதுன்னீங்க. வெளியே இருந்தே தெரியும்னீங்க. புஸ்தகத்தை யாருங்க வெளியே இருந்து பாக்கப் போறாங்க?"

அலமாரிகள் வந்து இறங்கின. கறுப்பு ஹாலில் காலியாக நின்றது. மூன்று நாள் சண்டை. நான் கத்தினேன். அவள் ரசத்தில் உப்பைக் குறைத்தாள். நான் மில்லில் போய்ச் சாப்பிட்டேன். அவள் பழைய பேப்பர்காரருக்குப் போன் போட்டாள். இனி பேச்சு வேலைக்கு ஆகாது, மூளைதான் என்று அப்போதுதான் தோன்றியது.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் கோயிலில் பூக் கேட்பது வழக்கம். பெண் எடுப்பதா, தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போடுவதா, எதுவாக இருந்தாலும் சரி. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த நிறம்தான் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"நர்மதா, நமக்குள்ள சண்டை எதுக்கு? மாரியம்மன்கிட்டயே கேட்டுருவோம்."

"சரிங்க," என்றாள் உடனே.

"வெள்ளை வந்தா புத்தகம். செவப்பு வந்தா சேலை."

"சரிங்க."

"பொட்டலம் நானே கட்டிட்டு வாரேன். உனக்கு எதுக்குச் சிரமம்?"

"சரிங்க."

மூன்று 'சரிங்க'! எனக்கே என் மூளையை நினைத்துப் புல்லரித்தது. வெள்ளிக்கிழமை காலையில் கொல்லைக்குப் போனேன். அங்கே வெள்ளரளி ஒரு செடி, செவ்வரளி ஒரு செடி. வெள்ளரளியில் பூத்திருந்ததையெல்லாம் பறித்தேன். பாதியை ஒரு பொட்டலத்தில் கட்டினேன். மீதியை இன்னொரு பொட்டலத்தில் கட்டினேன். எந்தக் குழந்தை எதை எடுத்தால் எனக்கென்ன? இரண்டிலும் புத்தகம்தான்! அம்மனுக்குத் தனியாக ஒரு தேங்காய் உடைப்பதாகவும் வேண்டிக்கொண்டேன்.

கோயிலில் பூசாரி காளியண்ணன் பொட்டலங்களை வாங்கிக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். பக்கத்து வீட்டு ஐந்து வயசு சௌமியாவைக் கூட்டி வந்திருந்தோம்.

"என்ன வேண்டுதல்? வாய்விட்டுச் சொல்லுங்க," என்றார் பூசாரி.

நான் வாயைத் திறந்தேன். நர்மதா முந்திக்கொண்டாள். கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தாயே, அந்தக் கறுப்பு அலமாரியில என்ர சேலையை அடுக்கிக்கலாம்னா வெள்ளைப் பூக் குடு. இவுங்க புஸ்தகத்தை வெக்கறதுன்னா செவப்புக் குடு."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏ நர்மதா! ஊட்டுல வேற மாதிரியல்லோ சொன்னோம்! வெள்ளை எனக்கு!"

"எப்படிச் சொன்னா என்னங்க? ரெண்டு பொட்டலம், ரெண்டு நெறம். எதுல எது இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியுமுங்களா?"

பூசாரி என்னைப் பார்த்தார். அம்மனும் பார்ப்பதுபோல்தான் இருந்தது.

"எனக்கு... எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பறம் என்னங்க? சௌமி சாமி, ஒண்ணை எடு."

சௌமியா எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை வெளேரென்று கொட்டியது.

"அம்மா உத்தரவு குடுத்துட்டா! சேலைதான்!"

"பூசாரி, கொழந்தை சரியாப் பாக்காம எடுத்துருச்சு. இன்னொரு தடவை கேக்கலாமே?" என்றேன்.

"தாராளமாக் கேக்கலாமுங்க," என்றாள் நர்மதா. "ஆனா இவுங்களுக்குச் சந்தேகம் வந்துருச்சு பாருங்க பூசாரி. அதனால மொதல்ல அந்த இன்னொரு பொட்டலத்தையும் இங்கயே பிரிச்சுப் பாத்துரலாமுங்களா?"

பூசாரி கையை நீட்டினார். நான் பாய்ந்து பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

"எதுக்கு? ஆத்தா சொன்னா சொன்னதுதான். சேலையே இருக்கட்டும்."

வேண்டிய தேங்காயையும் உடைத்துவிட்டுத்தான் வந்தேன். வேண்டுதல் வேண்டுதல்தானே.

இப்போது பர்மா அலமாரியில் சேலைகள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் அமோகம். "அண்ணா, மேல் தட்டுல அந்த மயில்கழுத்துக் கலரை எடுங்க" என்கிறார்கள். கேட்டதைச் சட்டென்று எடுத்துக் கொடுக்க முடிகிறது. நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

புத்தகங்களைப் பேப்பர்காரருக்குப் போடவில்லை. நர்மதாவுக்கு இரக்கம் உண்டு. கொல்லைப்புறத் தாழ்வாரத்தில், மோட்டார் பெட்டிக்குப் பக்கத்தில், அந்தச் சிவப்பு லாரி பெயிண்ட் அலமாரியில் அவளே அடுக்கி வைத்தாள். நான் நூத்திருபது வருஷம் என்று சர்டிபிகேட் கொடுத்த அதே அலமாரிதான். முதல் நாள் அதன் எதிரே நாற்காலி போட்டு, ஒரு புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, ஆற்றாமையோடு உட்கார்ந்திருந்தேன். நர்மதா காப்பியோடு வந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த அரளிச் செடிகளைப் பார்த்தாள்.

"ஏனுங்க, வெள்ளரளி மொட்டையா நிக்குது, செவ்வரளியில ஒரு பூக்கூடக் கொறையலை. அடுத்த தடவை ரெண்டுலயும் பறிச்சுருங்க."