ஒட்டகச்சிவிங்கி கேட்காத ஸ்டூல்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் இதை உட்கார்ந்து படிக்கும் வசதியோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். இரண்டு நாளாக வீட்டில்தான் நலமாக இருக்கிறேன்.

"மேனேஜரையே மிரட்டினாயாமே, போய் மன்னிப்புக் கேள்" என்று நீங்கள் சொல்லி அனுப்பியது கிடைத்தது. நீங்கள் கெஞ்சி வாங்கித் தந்த வேலை என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிடங்கில் தினமும் காலையில் பொட்டலம் கட்டத் தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்து மேனேஜர் ஓர் அதிசய விலங்கைப் பற்றிப் பேசுவார். எங்களுக்கு ஊக்கம் தருகிறாராம். முதலில் ஒட்டகம் வந்தது. தண்ணீர் குடிக்காமல் பல நாள் தாங்குமாம். வாயைப் பிளந்து கேட்டுக் கைதட்டினோம். மதியம் பார்த்தால் தண்ணீர் கேனைக் காணோம். அடுத்து ஸ்லாத் என்றொரு பிராணி. மரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்குமாம், வெளிக்குப் போக வாரம் ஒருமுறைதான் கீழே இறங்குமாம். அன்று முதல் கழிப்பறைச் சாவி மேனேஜரின் சட்டைப்பையில். கேட்கப் போனால், "இப்பதானேப்பா போயிட்டு வந்த?" என்று அன்பாக விசாரிப்பார். பெற்ற தாய்கூட என்னை இவ்வளவு கவனித்ததில்லை.

இதையெல்லாம் பொறுத்துப் போனேன் மாமா. பிறகு ஒட்டகச்சிவிங்கி வந்தது. நின்றபடியே தூங்குமாம். பேசி முடித்த கையோடு நாற்காலிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். எனக்கு எதிர் மேசையில் டேப் ஒட்டும் அக்காவுக்கு எட்டாவது மாதம். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை.

"சார், எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போதும்" என்றார்.

"ஒட்டகச்சிவிங்கி குட்டியே நின்னுக்கிட்டுதாம்மா போடுது. அவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தும் குட்டி எந்திரிச்சு நடக்குது."

"அதுக்கு டேப் ஒட்டுற வேலை கிடையாதே சார்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். மேனேஜர் சிரிக்கவில்லை. "நிக்க முடியலைன்னா வீட்டுல இரும்மா" என்றார். வீட்டில் இருந்தால் சம்பளம் கிடையாது, திரும்பி வந்தால் வேலையும் இருக்காது. அது அவருக்கும் தெரியும். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"சார், கொம்புப் பல்லின்னு ஒண்ணு இருக்கு. ரொம்ப நெருக்கினா கண்ணுல இருந்து ரத்தத்தைப் பீய்ச்சி எதிரி மூஞ்சியிலேயே அடிக்கும். நாளைக்கு அதைப் பத்திப் பேசுங்களேன்."

இதுதான் மாமா மிரட்டல். அவர் விலங்கைப் பற்றிப் பேசினால் ஊக்கம், நான் பேசினால் ஒழுங்கு நடவடிக்கை. ஆகவே மன்னிப்புக் கேட்பதாக இல்லை. அக்காவுக்கு ஸ்டூல் வராமல் அந்த வாசலை மிதிக்கமாட்டேன். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தீர வேண்டும், உட்கார எப்போதும் ஓர் இடம் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேரைக் கெடுத்த மருமகன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மேனேஜர் போன் செய்தார். "விலங்கு விஷயமெல்லாம் நல்லா தெரிஞ்சு வெச்சிருக்கியேப்பா" என்று என்னைச் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார். கண்ணாடி அறை, சாயும் நாற்காலி; இந்தப் பின்குறிப்பை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலைப் பேச்சும் இனி என்னுடையதுதான். சரி என்றுவிட்டேன், ஊரில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். முதல் பேச்சுக்கு ஆழ்கடல் மீன் ஒன்றை எடுத்திருக்கிறேன். அதில் ஆண் சின்னது. பெரிய பெண் மீனைக் கவ்விக்கொண்டு அதன் உடம்போடு ஒட்டிவிடும். அப்புறம் சாப்பாட்டுக் கவலையே இல்லை, கண்தான் மெல்ல மெல்ல மங்கிப்போகுமாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்பது எனக்கு இன்னும் தெரிகிறது. போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் மேனேஜர்.