மூடி எந்தப் பிரிவைச் சேர்ந்தது?

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன் பிறகு எங்கள் கம்பெனி 'உலகளாவிய உள்ளகச் சட்டக் கட்டமைப்பை'க் கண்டுபிடித்தது. நடுவில் குறிப்பிடும்படி வேறொன்றும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கம்பெனி என்றால் பேட்டையில் மிளகாய் வத்தல்பொடியும் மல்லிப்பொடியும் அரைத்துக் கடல் கடந்து விற்கும் 'அல் பொருநை குளோபல் ஃபுட்ஸ்'. முன்பெல்லாம் எங்களுக்குச் சட்டம் என்பது பாளையங்கோட்டை வக்கீல் எலியேசர்தான். ஸ்கூட்டரில் வருவார், டீ குடிப்பார், "செய்யும் வே" என்பார், அல்லது "வேண்டாம் வே" என்பார், கிளம்பிவிடுவார். அந்தக் காட்டுமிராண்டிக் காலத்தில் எப்படித்தான் தொழில் நடத்தினோமோ.

ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் கிளை திறந்த பிறகு, முதலாளி அசன் மைதீன் பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். அவர் சுவர் முழுக்க ஒரு படம் வரைந்தார். எங்கு பார்த்தாலும் பெட்டிகள், பெட்டிகளுக்கு நடுவே நேர்கோடுகள், புள்ளிக்கோடுகள். முதலாளியின் மகன் முஆத், ஷார்ஜாவில் 'உலகச் சட்டத் தலைவர்' ஆனார். சிங்கப்பூருக்குச் சொத்துச் சட்டம், லண்டனுக்கு மனிதவளச் சட்டம் என்று பாகப்பிரிவினை நடந்தது. எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காத எலியேசருக்கு ஒரு சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். அவருக்குத் தட்டச்சு செய்துகொண்டிருந்த இஸ்ரவேலாகிய நான் பேட்டையின் 'சட்ட ஒருங்கிணைப்பாளர்' ஆனேன். மூன்று ஊர்களிலிருந்தும் என் பெட்டிக்குக் கோடு வந்தது. என் பெட்டியிலிருந்து எங்கும் கோடு போகவில்லை. இவ்வளவு பேர் கவனிக்கும் ஓர் ஆளாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

அப்போதுதான் வத்தல் அரைக்கும் பிரிவில் வேலை செய்யும் நஃபீஸத் என் மேஜை முன் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, மெஷின் வாய்க்கு மூடி இல்ல. வத்தலக் கையாலதான் தள்ளுதோம். என்னைக்காவது ஒருநா கையை இழுத்துரும். ஒரு மூடி போடச் சொல்லுங்க."

பழைய பழக்கத்தில், எதிர்ப் பட்டறை வெல்டர் ஆரிப்பைக் கூப்பிட்டுவிட்டேன். அவர் டேப்பை நீட்டிக்கொண்டிருந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று ஷார்ஜாவுக்குப் போன் போட்டேன். முஆத் பதறிப்போனார். இன்று மூடி போட்டால், நேற்று வரை மூடி இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். அளவெடுப்பதுகூட ஒருவகை ஒப்புதல் வாக்குமூலம்தானாம். ஆரிப்பிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அளவுதான எடுக்கேன், பொண்ணா பாக்கேன்?" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். படிப்பில்லாதவர்களிடம் சட்ட நுணுக்கம் பேசக்கூடாது.

பிறகு கூடியது உலக ஆலோசனைக் கூட்டம். கூட்டுவதே பெரிய சாதனை. சிங்கப்பூர் விழித்திருந்தால் லண்டன் தூங்கும், லண்டன் எழுந்தால் ஷார்ஜாவில் விடுமுறை. கூடியபோது எழுந்த கேள்வியின் ஆழத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. மெஷின் சொத்து, ஆகவே அது சிங்கப்பூர். கை மனிதவளம், ஆகவே அது லண்டன். இரண்டுக்கும் நடுவில் வரும் மூடி யாருடையது?

சிங்கப்பூர் பெருந்தன்மையாக அதை லண்டனுக்கு விட்டுக்கொடுத்தது. லண்டன் அதைவிடப் பெருந்தன்மையாகத் திருப்பி அனுப்பியது. ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அதுவரைக்கும் 'ஆபத்து' என்று ஒரு பலகையாவது மாட்டலாமா என்று கேட்டேன். ஆபத்து என்று எழுதினால் ஆபத்து உண்டு என்றாகிவிடும் என்று லண்டன் திருத்தியது. கடைசியில் 'மகிழ்ச்சியுடன் பணியாற்றுவோம்' என்று எழுதி, மெஷினுக்கு நேர் மேலே மாட்டினோம்.

நோன்புக்கு முந்தின வாரம், ஆர்டர் குவிந்து கிடந்த நேரத்தில், மெஷின் நஃபீஸத்தின் வலது கையை இழுத்துக்கொண்டது. விரல்கள் போய்விட்டன. பச்சைக் காயத்தில் வத்தல்பொடி. அவர் கதறியது ரோடு வரைக்கும் கேட்டது. அதைக் கேட்டவர்கள் அன்று யாரும் சாப்பிடவில்லை. கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பொறுப்பை ஏற்றதாகுமா என்று ஷார்ஜாவிடம் முறைப்படி கேட்டேன். பதில் வருவதற்குள், பொறுமையில்லாத ஆரிப் தன் லோடு ஆட்டோவில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சில நாளில் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியவர் எலியேசர்.

எங்கள் கட்டமைப்பின் மகிமையை அன்றுதான் கண்ணாரக் கண்டேன். லண்டன் தூக்கத்திலிருந்து எழுந்தது. ஷார்ஜா விடுமுறையை ரத்து செய்தது. மெஷின் யாருடையது, கை யாருடையது, மூடி யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாலை டீக்கு முன்பே மூன்று ஊரும் ஒரே குரலில் பதிலைத் தயாரித்துவிட்டன: அந்த மெஷினில் கை வைப்பது ஆபத்து என்பது தொழிலாளிக்கு முன்கூட்டியே தெரியும், தெரிந்தே கை வைத்தார், ஆகவே கம்பெனி பொறுப்பல்ல.

தெரியும் என்பதற்குச் சாட்சி வேண்டுமே என்று சிங்கப்பூர் கவலைப்பட்டது. அவர்தான் நம் இஸ்ரவேலிடமே வந்து வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாரே என்று முஆத் நினைவூட்டினார். உலகம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

தொழிலாளர் அலுவலக விசாரணையில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நஃபீஸத் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் சாட்சி சொல்லி முடித்ததும் என்னையே பார்த்தார்.

"நான் சொன்னத நீங்களாவது மறக்காம இருந்தீயளே, அண்ணாச்சி."

வாக்குமூலத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஷார்ஜாவுக்கு ஒரு பிரதி, சிங்கப்பூருக்கு ஒரு பிரதி, லண்டனுக்கு ஒரு பிரதி. போட்டு முடிப்பதற்குள் எனக்கும் விரல் வலித்தது. இருந்தால் வலிக்கத்தானே செய்யும்.